மேஸ்திரியின் உறுமல்

மழைக்காலம் பிடித்துவிட்டால் தகரப் பட்டறையில் மூச்சு விட நேரம் கிடைக்காது. வெயில் அடிக்கிற வரைக்கும் கூரை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிற ஜனங்கள், முதல் மழைக்கு மண்டையில் நாலு சொட்டு விழுந்ததும் ஓடி வருவார்கள். கூரை ஓரத்துத் தகர வாய்க்கால் இற்றுவிட்டது, தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது, புகைபோக்கியின் தொப்பி பறந்துவிட்டது என்று ஆளுக்கொரு அவசரம். "நேத்தே வேணும்" என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

பட்டறை முன்பக்கம், வீடு பின்பக்கம். நடுவில் ஒரு கதவு, அதுவும் எப்போதும் திறந்தே கிடக்கும். முன்னால் தகரக்காரரும் அவர் தம்பியும் தண்டவாளத் துண்டின் மேல் தகடுகளை வைத்து வளைத்துத் தட்டிக்கொண்டிருப்பார்கள். கதவோரம், கரி அடுப்புக்குப் பக்கத்தில் தகரக்காரரின் மனைவி உட்கார்ந்திருப்பாள். மூட்டுகளுக்கு ஈயம் பற்றவைப்பது அவள் வேலை. அவள் பற்றவைத்த வாளியில் ஒரு சொட்டுக் கசியாது. அதனால் தெருவுக்கு அவள் ஈயக்கா. பெயர்தான் ஈயாத அக்கா மாதிரி இருக்குமே தவிர, வாசலில் வந்து நின்ற எதையும் வெறும் வயிற்றோடு அனுப்பத் தெரியாதவள்.

வாசலில் படுத்திருக்கும் பழுப்பு நாய்க்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவன் கொழுந்தன். காலையில் பட்டறை திறந்ததும் அது உள்ளே வந்து ஒவ்வொரு வேலையையும் முகர்ந்து பார்க்கும்; நேற்று இல்லாத பெட்டி இன்று இருந்தால் அதை ஒரு சுற்றுச் சுற்றும்; பிறகு திருப்தியாகப் பெருமூச்சு விட்டு வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. பின்னங்கால் எழும்போது கொஞ்சம் மக்கர் பண்ணும். ஆனாலும் தெரியாத ஆள் யாராவது பட்டறைப் படியில் கால் வைத்தால் அதன் தொண்டையிலிருந்து ஓர் உறுமல் புறப்படும். வந்தவர் படியிலிருந்து காலை எடுத்துவிடுவார்.

அந்த வருஷம் ஊர்க்கோடியில் இருந்த தானியக் கிடங்குக்கு வாய்க்கால் மாட்டும் வேலை வந்தது. தகரக்காரர் ஏணியில் நிற்க, ஈயக்கா கீழே நின்று கொக்கிகளை எடுத்துக் கொடுத்தாள். மழை சற்று ஓய்ந்திருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அழுகை என்றும் சொல்ல முடியாது, ஊளை என்றும் சொல்ல முடியாது. அளவே தெரியாமல் அலறுகிற குரல்.

"ஏங்க, கேக்குதா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

"என்ன?"

"ஏதோ கத்துதே!"

அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "நீ கொக்கியக் குடு" என்றார்.

ஈயக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவளால் அடுத்த வேலை பார்க்க முடியாது. கிடங்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கழற்றிப் போட்ட பழைய தண்ணீர்க் குழாய்கள் புல்லுக்குள் கிடந்தன. அதில் ஒன்றின் நசுங்கிய வாயிலிருந்து ஒரு வெள்ளைத் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பு குழாய்க்குள்ளே. முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

"அட இது இங்கதான் இருக்கா? காலையிலேர்ந்து தேடிட்டிருக்கேன்" என்று கிடங்குக் காவலாளி வந்து நின்றார். "தாய் இல்லீங்க அதுக்கு. வண்டியில அடிபட்டுப் போச்சு. மத்த குட்டிங்கள ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இது மட்டும் எவன் கூப்பிட்டாலும் வரல."

தகரக்காரர் இறங்கி வந்தார். நசுங்கின தகட்டைக் கத்திரியால் வெட்டினால் குட்டியின் கழுத்தில் பட்டுவிடும். ஆகவே குழாயின் வயிற்றுப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு மூட்டு இறுகிக்கொண்டு விட மறுத்தது. ஈயக்கா குட்டியின் தலையைக் கையால் மூடிக்கொள்ள, அவர் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். அடித்த சத்தத்தில் கிடங்குக் கூரைப் புறாக்கள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. குட்டி மட்டும் உடம்பை ஒரு தரம் சிலிர்த்துவிட்டு ஈயக்காவின் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

"பாவம், பயத்துல ஒறஞ்சு போச்சு" என்றாள் அவள்.

சேலைத் தலைப்பில் சுற்றி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கொழுந்தன் பட்டறை வாசலிலேயே மறித்துக்கொண்டான். சின்னவர் என்றுதான் தெருவில் அவனைச் சொல்வார்கள். தங்கமான பிள்ளை, ஆனால் மேஸ்திரி விஷயத்தில் மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. குட்டியாக அதைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"அண்ணி, இது என்ன?"

"பாத்தா தெரியல? நாய்க்குட்டி."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"குழாயில மாட்டிக்கிச்சு தம்பி. ஒடம்பு தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் பாத்துக்கலாம்னா அது இங்கதான் இருக்கப் போவுதுன்னு அர்த்தம். மேஸ்திரிகிட்ட கேட்டீங்களா?"

மேஸ்திரி அதற்குள் எழுந்து வந்துவிட்டது. ஈயக்கா குட்டியைத் தரையில் விட்டாள். மேஸ்திரி முகர்ந்தது. வாலுக்கடியில், வயிற்றில், காதோரத்தில் என்று ஓர் இடம் விடவில்லை. குட்டி அந்தப் பெரிய நரைத்த முகத்தை அண்ணாந்து பார்த்து, அப்படியே மல்லாந்து விழுந்தது. மேஸ்திரி தும்மிவிட்டு வாசலுக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா தம்பி? ஒண்ணும் சொல்லல."

"இன்னிக்கி சொல்லல" என்றான் சின்னவர்.

அவன் வாய் முகூர்த்தமோ என்னமோ, மறுநாளே ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி தின்றுகொண்டிருந்த சோற்றில் குட்டி மூக்கை நுழைத்தது. மேஸ்திரி உறுமியது. தெருவில் பெரிய பெரிய நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு போகிற உறுமல் அது. குட்டி அசையவில்லை, இன்னும் ஒரு வாய் எடுத்துக்கொண்டது. மேஸ்திரி திகைத்துப் போய் நின்றதைப் பார்க்க ஈயக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை காலத்தில் யாரும் தன்னை இப்படி அவமதித்ததில்லை என்பது போல அது அவளை ஒரு பார்வை பார்த்தது.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மேஸ்திரி தூங்கும்போது குட்டி அதன் வாலைக் கடித்து இழுத்தது. வலிக்கிற பின்னங்காலின் மேல் ஏறிக் குதித்தது. ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி உறுமும், பிறகு இன்னும் பலமாக உறுமும், பிறகு பல்லைக் காட்டிக் காற்றைக் கடிக்கும். பல் கண்ணில் பட்டபிறகுதான் குட்டி விலகும். விலகிப் போய், மேஸ்திரி தலையைத் திருப்பியதும் திரும்ப வரும்.

ஒரு நாள் காலையில் மேஸ்திரி வேலையைச் சுற்றிப் பார்க்க உள்ளே வரவில்லை. எதிர்ச் சாரியில் மூடிக் கிடந்த ஒரு கடையின் படிக்கட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. சின்னவர் போய்க் கூப்பிட்டான். வாலை மட்டும் ஆட்டியது. சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தான். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டது. மழைச் சாரல் அதன் முதுகில் அடித்தது.

"நேத்து வந்ததுக்காக இத்தன வருஷம் இருந்ததை வெளிய அனுப்பிட்டோம் அண்ணி" என்றான் சின்னவர். அன்று அவன் சாப்பிடவே உட்காரவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் தகடு வெட்டப் போய்விட்டான். கத்திரி தகட்டில் ஏறிய வேகத்திலேயே அவன் கோபம் தெரிந்தது.

அந்த வார முடிவில் மேஸ்திரி தானாகவே உள்ளே வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஈயக்கா முட்டை ஒன்றை உடைத்து அதன் தட்டில் ஊற்றினாள். குட்டி பின்பக்கத்திலிருந்து ஓடி வந்ததை அவள் பார்க்கவில்லை. உறுமல் கேட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது. குட்டியின் அலறலில் சுத்தியல்கள் நின்றன. வெள்ளைக் காதில் ரத்தம் வழிந்தது. மேஸ்திரி சுவரோடு ஒட்டிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவமனையில் கூட்டம் நெரிந்தது. ஆடு, கன்றுக்குட்டி, கூண்டுக்குள் ஒரு கிளி. மருத்துவர் அம்மா குட்டியின் காதைச் சுத்தம் செய்து தையல் போட்டார். வேலை செய்துகொண்டே பேசுகிறவர் அவர்.

"பெரிய நாய் இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்கா?"

"இல்லீங்கம்மா. எறும்பக்கூடக் கடிச்சதில்ல."

"அப்ப இது சும்மா கடிச்சிருக்காது. கடிக்கறதுக்கு முன்னாடி அது என்னெல்லாம் பண்ணிச்சு, அதுக்கு இந்தக் குட்டி என்ன பண்ணிச்சு, கவனிச்சீங்களா?"

ஈயக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"கவனிங்க. கொஞ்ச நாள் ரெண்டையும் தனித்தனியா வச்சுட்டு, தூரத்திலேர்ந்து பாருங்க. காது வீக்கம் வத்தினதும் கொண்டாங்க, முழுசாப் பாத்துடலாம்."

வீடு திரும்பியபோது சின்னவர் முடிவெடுத்து வைத்திருந்தான். "கிடங்குக் காவலாளிகிட்டப் பேசிட்டேன் அண்ணி. காவலுக்கு ஒரு நாய் வேணும்னாரு. காயம் ஆறினதும் வந்து எடுத்துட்டுப் போறாரு."

ஈயக்கா தன் கணவரைப் பார்த்தாள். அவர் தகட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எப்போதும் போல இதிலும் தம்பி பக்கம்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

ஆனால் மருத்துவர் கேட்ட கேள்வி அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ அப்புறம். அந்த நேரத்தில் குட்டி என்னதான் பண்ணுகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

குட்டியை ஒரு கயிற்றில் கட்டித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி வாசலில். நடுவில் நல்ல இடைவெளி. பற்றவைக்கிற இரும்பை அடுப்பில் செருகிவிட்டு அது பழுக்கிற நேரமெல்லாம் பார்த்தாள். மேஸ்திரி முதலில் கண்ணை மட்டும் திருப்பும். பிறகு உடம்பு விறைக்கும். பிறகு தொண்டைக்குள் லேசாக ஓர் உறுமல். எல்லாம் படிப்படியாக, ஒழுங்காக. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குட்டியோ, மேஸ்திரியின் முகம் தெரிகிற பக்கம் உட்கார்ந்திருந்தால் ஒழுங்காக இருந்தது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தால் உறுமலைச் சட்டை செய்வதே இல்லை.

"திமிர் புடிச்சதா இருக்குமோ?" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இன்னொன்றும் கவனித்தாள். குட்டி யாரைப் பார்த்தாலும் முகத்தையே பார்த்தது. கையில் ரொட்டி இருந்தால்கூட முதலில் முகம், அப்புறம்தான் ரொட்டி. அது பார்க்கிற பார்வை எங்கோ பழக்கமான பார்வையாக இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

மதியச் சோற்றுக்கு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சோவென்று மழை. கதவோரம் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஈயக்கா தான் பார்த்ததையெல்லாம் சொன்னாள். சின்னவர் குனிந்தபடி தின்றான். தகரக்காரர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவளையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"அதுக்குக் காது கேக்கல."

"என்னது?"

"குட்டிக்கு. காது கேக்கல. உறுமுறது அதுக்குத் தெரியாது. பல்லுதான் தெரியும்."

சின்னவர் நிமிர்ந்தான். "சும்மா இருண்ணே. கதை கட்டாத." சொல்லிக்கொண்டே எழுந்து போய், சுவரில் சாய்த்திருந்த பெரிய தகடு ஒன்றைத் தூக்கிக் குட்டிக்குப் பின்னால் தரையில் போட்டான். இடி விழுந்த மாதிரி சத்தம். குட்டி துள்ளியெழுந்து சுற்றிலும் பார்த்தது.

"பாத்தியா? கேக்குதே!"

ஈயக்காவுக்கும் சப்பென்று ஆகிவிட்டது. தகரக்காரர் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார்.

"தரையில போட்டா தரை சொல்லிடும்டா. காலுக்குத் தெரியும், வயித்துக்குத் தெரியும். தூக்கிப் புடிச்சு அடி."

சின்னவர் ஒரு தகரத் தட்டைக் கயிற்றில் கோத்து, கையை உயர்த்திப் பிடித்தான். குட்டி அதற்குள் திரும்பவும் படுத்து, கிடைத்த மரத்துண்டு ஒன்றைக் கடிக்க ஆரம்பித்திருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் நின்று மரச்சுத்தியால் ஓர் அடி அடித்தான். வாசலில் மேஸ்திரி எழுந்து நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து "என்னய்யா அங்க?" என்று யாரோ கத்தினார்கள். குட்டி மரத்துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

இன்னும் கிட்டப் போய், தையல் போட்ட தலைக்கு மேலேயே பிடித்து அடித்தான். குட்டி மரத்துண்டைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் கடித்தது.

"அடப் பாவமே" என்றான் சின்னவர். தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான். "பாவம்டா மேஸ்திரி. எத்தன தடவ சொல்லியிருப்ப நீ."

ஈயக்கா கணவரைப் பார்த்தாள். "தரை சொல்லும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேலையைப் பார்க்க உட்கார்ந்தவர், தண்டவாளத் துண்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். சின்னவர் மழையில் நனைந்தபடியே மேஸ்திரியிடம் போனான். அவன் போன பிறகு சொன்னார்.

"நீ இரும்பக் கீழ வச்சா எனக்குத் தரை வழியாத்தான் தெரியும். அவன் தட்டுறது கால்ல தெரியும். கொஞ்ச வருஷமாவே இப்படித்தான்."

தகரக்காரருக்குக் காது மந்தம் என்பது தெருவுக்கே தெரியும். பட்டறையில் பேச்சு என்பதே கத்தல்தான். எல்லாரும் கத்திக் கத்தித்தான் பேசுவார்கள். அதனால் எவ்வளவு மந்தம் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஈயக்காவுக்கு இப்போதுதான் அந்தப் பார்வை பிடிபட்டது. சோற்றுத் தட்டுக்கு எதிரே, கல்யாணத்தில், துக்கத்தில், கொக்கி கேட்கும்போது ஏணி மேலிருந்து அவர் அவளைப் பார்க்கிற பார்வை அது.

"மூஞ்சியப் பாத்துத்தான் கேக்குறீங்களா?"

"வாயப் பாத்து. பழகினவங்க பேசினா பிடிச்சுடுவேன். புது ஆளுன்னா தலையாட்டிடுவேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தம்பி ஏணியில ஏத்த மாட்டான். மேலேர்ந்து விழுந்துடுவேன்னு உக்கார வச்சுடுவான்."

அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சில் நின்றது. போன வருஷம் அவள் அக்காவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. அடுப்பில் வேலையாக இருந்தவள், அவர் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு அக்காவப் பாக்கப் போகணும், நீங்களும் வாங்க" என்றாள். "சரி" என்றார். மறுநாள் விடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவள் தனியாகப் போய், அத்தனை உறவுக்கும் முன்னால், வீட்டுக்காரர் எங்கே என்ற கேள்விக்குத் தலை குனிந்து நின்றாள். வந்தபிறகு ஒரு மாதம் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அக்கா ஆப்ரேஷனுக்குக் கூப்பிட்டேனே, அன்னிக்கி நான் சொன்னது..."

"நீ என்னமோ சொன்னன்னு தெரியும். முதுகுதான் தெரிஞ்சுது. எப்பவும் அடுப்படியில உப்பு வேணும், எண்ணெ வேணும்பியே, அதுன்னு நெனச்சேன். சரின்னேன்."

"அப்புறம் ஒரு மாசம் திட்டினேனே, அதாவது காதுல விழுந்துதா?"

அவர் லேசாகச் சிரித்தார். "நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே திட்டின. ஒரு வார்த்தை வந்து சேரல. எதுக்குக் கோவம்னே இன்னிக்கித்தான் தெரியுது."

ஈயக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு மாதம்! சாமானைத் தேய்த்துக்கொண்டே, துணியைப் பிழிந்துகொண்டே எவ்வளவு திட்டு. எவ்வளவு யோசித்து, எப்படியெல்லாம் குத்திக் குத்திச் சொன்னது. அத்தனையும் சுவருக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இப்ப திட்டவா?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"திட்டு" என்றார் அவர்.

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் நிறைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரும்பை எடுத்து அடுப்பில் செருகினாள்.

மறுநாளிலிருந்து பட்டறையில் ஒரு புது வேலை சேர்ந்தது. சின்னவர் உட்கார்ந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரத் தடுப்புச் செய்தான். குட்டியின் காலைக் கிழித்துவிடாதபடி விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டி, அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்துத் திருப்தியானான். மேஸ்திரிக்கு ஒரு பக்கம் சோறு, குட்டிக்கு மறுபக்கம். குட்டியைத் தொடுவதற்கு முன்னால் தரையில் காலால் ஒரு தட்டு. விரித்த கை என்றால் நில். தொடையில் தட்டினால் வா. ஈயக்கா கையைக் காட்டினால் குட்டி வருவதற்கு நாலு தடவை ஆகும். தகரக்காரர் காட்டினால் மட்டும் முதல் தடவையே வந்துவிடும்.

"அது எப்படிங்க?"

"நீ கையக் காட்டிட்டு வாயாலயும் பேசிக்கிட்டே இருக்க. எதப் பாக்குறதுன்னு அதுக்குக் குழப்பமா இருக்கு."

காலையில் சின்னவர் மேஸ்திரியையும் ஈயக்கா குட்டியையும் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். முதலில் ஆளுக்கொரு ஓரம். பிறகு பக்கத்தில் பக்கத்தில். மேஸ்திரி முகர்கிற கம்பத்தைக் குட்டியும் முகர்ந்தது. மேஸ்திரி எதிர்க் கடைப் படிப் பக்கமே போகாமல் முதலில் பட்டறை வாசற்படியில் படுத்தது, பிறகு படிக்கு உள்பக்கம்.

காவலாளியிடம் வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று ஈயக்கா கேட்டபோது மட்டும் சின்னவர் பிடி கொடுக்கவில்லை. "குட்டி மேல தப்பில்ல அண்ணி, சரி. ஆனா மேஸ்திரிக்கு அது எப்படிப் புரியும்? அதுக்கு நாம சொல்லிக்குடுக்க முடியுமா?"

அது நியாயமான கேள்விதான். மனுஷருக்குக் கை இருக்கிறது, காட்டலாம். நாய்க்கு நாய் எப்படிச் சொல்வது? ஈயக்கா திரும்பவும் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு மதியம் தடுப்பைச் சரியாகச் சாத்தாமல் விட்டுவிட்டாள். ஒரு வாளிக்கு அடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோது குட்டி மேஸ்திரியின் பக்கம் போய்விட்டது தெரிந்தது. எழுந்தால் உருகிய ஈயம் மடியில் கொட்டும். அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தாள். குட்டி மேஸ்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் தட்டை நக்கத் தொடங்கியது. மேஸ்திரி உறுமியது. குட்டி நக்கியது. மேஸ்திரி உறுமலைப் பாதியில் நிறுத்தியது. தலையைச் சாய்த்துக் குட்டியின் முதுகையே பார்த்தது. வெகு நேரமாக ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது அந்த முகம். பிறகு பின்னங்காலை இழுத்துக்கொண்டு எழுந்து, தட்டைச் சுற்றி நடந்து, குட்டியின் எதிரே வந்து நின்றது. சத்தமே போடவில்லை. மேலுதட்டை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டியது.

குட்டி அந்த நிமிஷமே தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மேஸ்திரி அதன் தையல் காதை ஒரு தடவை முகர்ந்துவிட்டுச் சோற்றைத் தின்றது.

ஈயக்கா கையிலிருந்த இரும்பு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவரிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "நீங்க பாசத்துல சொல்றீங்க அண்ணி" என்றான்.

காயம் ஆறி, தையல் பிரித்து, மழையும் விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் காவலாளி வந்தார். தோளில் ஒரு சாக்கு, கையில் புதுக் கயிறு. சின்னவர் தகடு வெட்டிக்கொண்டிருந்தான். தகரக்காரர் உள்ளே தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். குட்டி தடுப்புக்குள்ளே வெயில் விழுகிற இடத்தில் நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

காவலாளி படியில் கால் வைத்தார். மேஸ்திரி எழுந்து குரைத்தது. அவர் காலை எடுத்துக்கொண்டார். குரைத்த மேஸ்திரி, நடுவில் நிறுத்தி, உள்ளே திரும்பிப் பார்த்தது. குட்டி அசையவில்லை. மேஸ்திரி காவலாளியை அப்படியே விட்டுவிட்டு, நொண்டி நொண்டி உள்ளே வந்து, தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டிக் குட்டியின் வயிற்றில் மூக்கால் ஒரு குத்துக் குத்தியது.

குட்டி விழித்து, மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தது. மேஸ்திரி திரும்பி வாசலுக்கு நடந்தது. குட்டி தடுப்பின்மேல் தொற்றி, மறுபக்கம் தலைகுப்புற விழுந்து, உருண்டு எழுந்து பின்னாலேயே ஓடியது. படியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மேஸ்திரி குரைத்தது. குட்டி அண்ணாந்து அதன் வாயையே பார்த்தது. திறந்து மூடுகிற அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் வாயைத் திறந்தது.

வந்தது குரைப்பு மாதிரியும் இல்லை, கூவல் மாதிரியும் இல்லை. அதுவும் காவலாளி நின்ற பக்கம் இல்லை. எதிர்ச் சாரிச் சுவரைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குரைத்தது.

காவலாளி வாய்விட்டுச் சிரித்தார். "என்னங்க இது, ஆள விட்டுட்டுச் சுவத்தப் பாத்துக் கொரைக்குது! கிடங்குக்குத் திருடன் வந்தா அவனுக்கு முதுகக் காட்டிக்கிட்டில்ல கொரைக்கும்?"

சின்னவர் கத்திரியைக் கீழே வைத்தான். எழுந்து போய்க் காவலாளியின் தோளிலிருந்த சாக்கை மெதுவாக வாங்கி, மடித்து, அவர் கையிலேயே கொடுத்தான்.

"காவலுக்கு வேற நாய் பாருங்க அண்ணாச்சி. இதுக்கு இங்க வேல இருக்கு. மேஸ்திரி இப்பத்தான் ஆளுக்குத் தொழில் சொல்லிக்குடுக்குறாரு. வாங்க, டீ சாப்பிட்டுப் போலாம்."

உள்ளே தகரக்காரர் தரையில் ஏதோ அதிர்வதை உணர்ந்து நிமிர்ந்தார். வாசலில் எல்லாரும் சிரிப்பதும், இரண்டு நாய்களின் முதுகும் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. ஈயக்கா சொல்வதற்கு வாயைத் திறந்தாள், திறந்தவள் மூடிக்கொண்டாள். இரும்பை அடுப்பில் சாய்த்துவிட்டு எழுந்து போனாள். அவருக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றார்.

"குட்டி கொரைக்குதுங்க."

"கொரைக்குதா!" அவர் முகம் மலர்ந்தது. "எப்படி இருக்கு?"

"சகிக்கல" என்றாள் ஈயக்கா.